இ.பி. காரமண்டா, சோர்ஸ் செரிஃபா? இதழ் வடிவமைப்பில் உரை எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட கட்டுரைகள் வரும் ஓர் ஆங்கில இதழை வடிவமைக்கிறீர்கள். உரைக்கு செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு அடிக்கட்டு கொண்ட எழுத்து) என்பது முடிவாகிவிட்டது. பட்டியலைச் சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு எழுத்துருக்கள் மிஞ்சுகின்றன: இ.பி. காரமண்ட், சோர்ஸ் செரிஃப் 4. இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த உரிமம் கொண்டவை, இரண்டும் தரமானவை. ஒன்று மட்டமாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வேறு இரண்டு செரிஃப்களை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை உதவும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை எடுப்பது?

அச்சு மட்டும், நல்ல தாள், நீண்ட உரை, தாராளமான மார்ஜின் என்றால் காரமண்ட். அதே கட்டுரைகள் திரையிலும் வரப்போகின்றன, அல்லது அடிக்குறிப்பும் அட்டவணையும் பெட்டிச் செய்தியும் நிறைய உண்டு என்றால் சோர்ஸ் செரிஃப். இரண்டு நிலைமையும் பாதிக்குப் பாதி என்றாலும் நான் சோர்ஸ் செரிஃபைத்தான் எடுப்பேன். அழகில் காரமண்டுக்கு ஒரு படி கீழேதான் அது. ஆனால் அது காலை வாரிவிடும் இடங்கள் குறைவு.

இவற்றின் பின்னணி என்ன? தேர்வுக்கு அது உதவுமா?

ஓரளவுக்கு உதவும். குளோட் காரமண்ட் 16-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அச்செழுத்து வெட்டியவர், 1561-இல் இறந்தார். 1592-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியான எகனால்ஃப்-பெர்னர் எழுத்து மாதிரித் தாளில் அவருடைய நேர் எழுத்துகளும் ராபர்ட் கிராஞ்சோனின் சாய்வெழுத்துகளும் இருக்கின்றன. இ.பி. என்பது அந்தத் தாளின் பெயர்ச்சுருக்கம். ஜார்ஜ் டஃப்னர் அதை ஆதாரமாக வைத்து டிஜிட்டல் வடிவத்தை உருவாக்கினார். பின்னர் ஒக்டாவியோ பார்தோ அதற்குத் தடித்த எடைகளை, அதாவது கோடுகளின் தடிமன் கூடிய வடிவங்களை, சேர்த்தார்.

சோர்ஸ் செரிஃப் 2014-இல் அடோபி வெளியிட்டது. வடிவமைத்தவர் ஃபிராங்க் கிரீஸ்ஹாமர். 18-ஆம் நூற்றாண்டின் பியர்-சிமோன் ஃபூர்னியேயின் எழுத்துகளிலிருந்து சாயலை எடுத்துக்கொண்டதே தவிர, அவற்றைப் பிரதி எடுக்கவில்லை. அலங்காரத்தைக் குறைத்து, எளிதாகப் படிப்பதை மனதில் வைத்துச் செய்தது.

ஆக, ஒன்று பழைய உலோக எழுத்தின் மீட்டுருவாக்கம்; மற்றது பழையதைப் படித்துவிட்டுப் புதிதாக வரைந்தது. கரடுமுரடான சூழ்நிலைகளில் இரண்டும் ஏன் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

என் கணினியில் ஏற்கெனவே 'காரமண்ட்' இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வருவது மோனோடைப் காரமண்ட். அதற்கு மூலம் காரமண்டே வெட்டிய எழுத்துகள் அல்ல. அவருக்குச் சுமார் 60 ஆண்டுகள் பிற்பட்ட ஜான் ஜனோன் என்பவர் வெட்டியவை. நீண்ட காலம் எல்லோரும் அவற்றைக் காரமண்டின் கைவண்ணம் என்றே நம்பினார்கள். 1926-இல் அச்செழுத்து ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட், பால் போஜோன் என்ற ஆண் புனைபெயரில் எழுதிய கட்டுரைதான் இந்தக் குழப்பத்தை அவிழ்த்தது. அடோபி காரமண்ட், ராபர்ட் ஸ்லிம்பாக் 1989-இல் செய்த இன்னொரு மீட்டுருவாக்கம். ஐ.டி.சி. காரமண்ட் முற்றிலும் வேறு சாதி: சிற்றெழுத்துகளைப் பெரிதாக்கி விளம்பரத்துக்கென்று செய்தது.

எனவே ஒரு கூட்டத்தில் "காரமண்ட் போடலாம்" என்று முடிவானால், எந்தக் காரமண்ட் என்பதை அப்போதே எழுதி வைத்துவிடுங்கள். உதவியாளர் கணினியில் கண்ணில் பட்டதைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டையும் 11 பாயிண்டில் வைத்தேன். காரமண்ட் ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?

பெரும்பாலான ஒப்பீடுகள் சறுக்கும் இடம் இதுதான்.

பாயிண்ட் அளவு என்பது எழுத்தின் உயரம் அல்ல. எழுத்து உட்கார்ந்திருக்கும் கற்பனைச் சதுரத்தின் உயரம். உலோகக் காலத்தில் அது எழுத்துக்கட்டையின் உயரமாக இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பது வடிவமைத்தவரின் விருப்பம். கண்ணுக்குத் தெரியும் அளவைத் தீர்மானிப்பது எக்ஸ்-உயரம், அதாவது மேலும் கீழும் நீளாத சிற்றெழுத்துகளின் உயரம். இ.பி. காரமண்டில் அது சதுரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம். சோர்ஸ் செரிஃபில் 47, 48 சதவீதம். கணக்குப் போட்டால் 10 பாயிண்ட் சோர்ஸ் செரிஃபுக்குச் சமமாகத் தெரிய, காரமண்டைக் கிட்டத்தட்ட 12 பாயிண்டுக்கு ஏற்ற வேண்டும்.

2014-இல் ஒரு செய்தி உலகமெங்கும் சுற்றியது. அமெரிக்க அரசு தன் ஆவணங்களைக் காரமண்டுக்கு மாற்றினால் அச்சு மையில் பெரும்பணம் மிச்சமாகும் என்று ஒரு பள்ளி மாணவர் கணக்கிட்டிருந்தார். எழுத்துரு வல்லுநர்கள் உடனே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: அதே பாயிண்டில் காரமண்ட் சிறிதாகவே இருக்கும், மை குறைவதில் ஆச்சரியம் இல்லை, எந்த எழுத்துருவைச் சிறிதாக்கினாலும் மை குறையத்தான் செய்யும். இரண்டு எழுத்துருவை ஒப்பிடும்போது பாயிண்டைச் சமமாக்காதீர்கள், எக்ஸ்-உயரத்தைச் சமமாக்குங்கள். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.

அப்படிச் சமமாக்கிய பிறகும் காரமண்ட் பக்கத்தை மிச்சப்படுத்துமா?

மிச்சத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். மீதியை வரி இடைவெளி முடிவு செய்யும். காரமண்டின் மேல்நீட்சியும் கீழ்நீட்சியும் நீளம்; வரிகளுக்கு நடுவே இயல்பாகவே வெள்ளை விழுகிறது. அதனால் 12 பாயிண்ட் எழுத்துக்கு 14.5 பாயிண்ட் லீடிங் (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை உள்ள தூரம்) போதும். சோர்ஸ் செரிஃபில் எக்ஸ்-உயரம் பெரிது. வரிகள் நெருங்கினால் பக்கம் மூச்சுமுட்டும். 10 பாயிண்டுக்கு 14 கொடுத்தால்தான் நிம்மதி. 200 மில்லிமீட்டர் உயரமுள்ள உரைப்பகுதியில் முதலாவது 39 வரி, இரண்டாவது 40 வரி. இவ்வளவுதான் வித்தியாசம். பக்க எண்ணிக்கையைக் காரணம் காட்டி இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

எழுத்து எழுத்தாகப் பார்த்தால் எங்கே வேறுபடுகின்றன?

சிறிய 'ஈ'யிலிருந்து தொடங்குங்கள், ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து அது. காரமண்டில் அதன் குறுக்குக்கோடு மேலே ஏறி நிற்கும். உள்ளே அடைபடும் கண் மிகச் சின்னது. சிறிய 'ஏ'யின் வயிறும் அப்படித்தான். நல்ல தாளில் இவை பக்கத்துக்கு ஒரு நுணுக்கமான சிலிர்ப்பைக் கொடுக்கும். மட்டமான தாளில் மை பரவி அந்தக் கண் அடைந்துபோகும். சோர்ஸ் செரிஃபில் அதே கண் அகலமாகத் திறந்திருக்கிறது. 8 பாயிண்டிலும் அடைவதில்லை.

அடுத்து செரிஃப்களின் அடி. காரமண்டில் அவை மென்மையாக வளைந்து தண்டோடு கலக்கின்றன, பேனாவின் நினைவு இன்னும் மறையவில்லை. வட்ட எழுத்துகளின் நடு அச்சுக்கோடும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சோர்ஸ் செரிஃபில் அந்தக் கோடு நிமிர்ந்துவிட்டது, செரிஃப்கள் தட்டையாக, சொன்னதைக் கேட்கும் பிள்ளைகளாக இருக்கின்றன.

சாய்வெழுத்தில் வித்தியாசம் இன்னும் கூடுதல். கிராஞ்சோன் வழி வந்த காரமண்ட் இட்டாலிக் ஒடுக்கமானது, துள்ளலானது. ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் இட்டாலிக்கில் வந்தால் அது பளிச்சென்று தனித்துத் தெரியும். அரைப்பக்க மேற்கோள் முழுவதும் இட்டாலிக்கில் என்றால் கண் சோர்ந்துவிடும். உங்கள் இதழில் இட்டாலிக் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: நூற்பெயர்களுக்கு மட்டுமா, முழுப் பத்திகளுக்குமா?

சோதனைப் பக்கம் எப்படித் தயாரிப்பது?

எழுத்துரு விற்கும் தளங்கள் காட்டும் மாதிரி வாக்கியங்களை நம்ப வேண்டாம். அந்த எழுத்துரு அழகாகத் தெரியும் எழுத்துகளாகப் பார்த்துத்தான் அவற்றை எழுதியிருப்பார்கள். பொருளற்ற லத்தீன் நிரப்புரையும் உதவாது. அதன் எழுத்துப் பரவல் ஆங்கிலத்தோடு ஒத்துப்போவதில்லை. தவிர, அதை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காமல் உரை எழுத்துருவை எப்படி எடைபோடுவது?

உங்களிடம் இருக்கும் கட்டுரைகளில் மிக மோசமான பக்கத்தை எடுங்கள். ஆண்டுகளும் சதவீதங்களும் நெருங்கி வருவது, பெரிய எழுத்துச் சுருக்கப்பெயர்கள் மலிந்தது, மேற்கோளுக்குள் மேற்கோள் இருப்பது, ஐரோப்பியப் பெயர்களில் மேற்குறிகள் வருவது, அடிக்குறிப்பு உள்ளது. அதோடு ஒரு சாதாரண உரைப் பக்கம், ஒரு கட்டுரையின் முதல் பக்கம். ஆக மூன்று பக்கம். இரண்டு எழுத்துருவிலும் எக்ஸ்-உயரத்தைச் சமமாக்கி, உரை ஓடும் நெடுவரிசையின் அகலத்தை மாற்றாமல் அமையுங்கள். ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் வரட்டும். ஒற்றை நெடுவரிசைக்கு 66-க்கு அருகில் வந்தால் நல்லது. மூன்று நெடுவரிசை அமைப்பில் 40-க்குக் கீழே போகும். அங்கே இரண்டு ஓரமும் சமமாக வரும்படி ஜஸ்டிஃபை செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். அதற்கு எழுத்துருவைக் குற்றம் சொல்ல முடியாது.

அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். அது சத்தமில்லாமல் எல்லாவற்றையும் 94, 95 சதவீதமாகச் சுருக்கிவிடும். 10 பாயிண்டை ஒப்பிடுவதாக நினைத்து 9.4-ஐ ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு பார்க்க வேண்டியது தனி எழுத்துகளை அல்ல, பக்கத்தின் சாம்பல் நிறத்தை. தாளைத் தலைகீழாகப் பிடித்து, கையை நீட்டி, கண்ணைச் சற்று இடுக்கிப் பாருங்கள். எங்காவது கறுப்புத் திட்டு தெரிகிறதா, வெள்ளை ஆறு ஓடுகிறதா? அதற்குப் பின் நேராகத் திருப்பி, முழுப் பக்கத்தையும் படியுங்கள். 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி வந்து 'எம்' போல மயக்குகிறதா? சிறிய 'எஃப்' எழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின் கேள்விக்குறியோ மேற்கோள்குறியோ வந்தால் முட்டிக்கொள்கிறதா? ஒன்று என்ற எண்ணும் பெரிய 'ஐ'யும் பிரித்தறிய முடிகிறதா? பெயர்களை மறைத்துவிட்டு மெய்ப்புப் பார்ப்பவரிடமும் கொடுங்கள். நாள் முழுக்க அந்த எழுத்தோடு குடித்தனம் நடத்தப்போகிறவர் அவர்.

லேசர் பிரிண்டில் அருமையாக இருந்தது. அச்சகத்திலிருந்து வந்தபோது வெளிறிப்போயிருந்தது. ஏன்?

லேசர் அச்சில் டோனர் சற்றுப் பரவி எழுத்தைத் தடிமனாக்கும். அச்சகத்தின் ஆஃப்செட் தகடு அதைவிடப் பலமடங்கு கூர்மையானது. எழுத்துருக் கோப்பில் இருக்கும் மெல்லிய கோடு அதே மெலிவோடு தாளில் விழும். ஆர்ட் பேப்பரில் மை பரவாது, ஆகவே இன்னும் மெலிவு.

பழைய எழுத்துகளின் மீட்டுருவாக்கங்களுக்கு இது ஒரு பரம்பரை வியாதி. உலோக எழுத்தை ஈரத்தாளில் அழுத்தும்போது மை ஓரங்களில் பிதுங்கி எழுத்துக்குச் சதை போடும். வெட்டியவர்கள் அதையும் கணக்கில் வைத்தே மெலிதாக வெட்டினார்கள். உலோகத்தின் வடிவத்தை மட்டும் டிஜிட்டலாக்கினால் எலும்புதான் மிஞ்சும். பெம்போ என்ற பழைய எழுத்துருவின் முதல் டிஜிட்டல் வடிவம் இந்தக் குறைக்குப் பேர்போனது. மோனோடைப் நிறுவனம் பின்னர் 2005-இல் பெம்போ புக் என்று தடிமன் கூட்டி வெளியிட வேண்டியதாயிற்று. இ.பி. காரமண்ட் அந்த அளவுக்கு மெலிவு இல்லை. என்றாலும் பளபளப்பான தாளில் ரெகுலர் வெளிறினால், மீடியம் எடையை வைத்து ஒரு பக்கம் ஓட்டிப் பாருங்கள். சோர்ஸ் செரிஃபில் எடைகள் எக்ஸ்ட்ராலைட் முதல் பிளாக் வரை போகின்றன. அதன் மாறி எழுத்துருவில் (எடையை விரும்பியபடி நகர்த்தக்கூடிய ஒரே கோப்பு) ரெகுலருக்கும் செமிபோல்டுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

முடிந்தால் அச்சகத்தில் அதே தாளில் ஒரு ப்ரூஃப் கேளுங்கள். மற்றதெல்லாம் ஊகம்.

தலைப்புகளுக்கும் அதே எழுத்துருவைப் பயன்படுத்தலாமா?

சோர்ஸ் செரிஃப் என்றால் தாராளமாக. அதற்குக் காரணம் ஆப்டிகல் அளவுகள்.

உலோகக் காலத்தில் 6 பாயிண்ட் எழுத்தும் 36 பாயிண்ட் எழுத்தும் தனித்தனியாக வெட்டப்பட்டன. சின்னது அகலமாக, தடிப்பாக, இடைவெளி விட்டு இருக்கும். பெரியது ஒடுக்கமாக, மெல்லிய கோடுகளோடு இருக்கும். ஒளிப்படம் வழியே எழுத்து அமைக்கும் முறையும் பின்னர் கணினியும் வந்தபோது ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் இழுக்கும் பழக்கம் பரவியது. சோர்ஸ் செரிஃப் 4 பழைய முறையைத் திரும்பக் கொண்டுவருகிறது: கேப்ஷன், சிற்றுரை, உரை, துணைத்தலைப்பு, டிஸ்ப்ளே என்று ஐந்து வெட்டுகள். படவிளக்கத்துக்குக் கேப்ஷன், 48 பாயிண்ட் தலைப்புக்கு டிஸ்ப்ளே என்று போட்டுப் பாருங்கள். ஒரே குடும்பத்தின் ஆட்கள் என்று தெரியும். ஒரே ஆளை இழுத்து நீட்டியது போலத் தெரியாது.

இ.பி. காரமண்டில் டஃப்னர் 12 பாயிண்டுக்கும் 8 பாயிண்டுக்கும் தனி வடிவங்கள் வரைந்திருந்தார். தலைப்புக்கென்று தனி வெட்டு கிடையாது. 60 பாயிண்டில் வைத்தால் விளிம்புகள் கொஞ்சம் மொத்தமாக, கைவேலை போலத் தெரியும். இலக்கிய இதழுக்கு அது பொருந்தலாம். நவீனக் கட்டடக்கலை இதழுக்கு உறுத்தும்.

உரைக்கு ஒன்று, தலைப்புக்கு மற்றது என்று இரண்டையும் கலக்கலாமா?

வேண்டாம். ஒன்றுக்கொன்று பேதம் தெரியாத அளவுக்கு நெருக்கம், ஒத்துப்போகாத அளவுக்குத் தூரம். பார்ப்பவருக்குத் தவறுதலாக நடந்தது போலத் தோன்றும். உரை செரிஃப் என்றால் தலைப்புக்கு ஒரு சான்ஸ் செரிஃப் (முனையில் அடிக்கட்டு இல்லாத எழுத்து), அல்லது அதே குடும்பத்தின் பெரிய வெட்டு.

இணையப் பதிப்புக்கும் காரமண்டே போதாதா?

கூர்மையான கைபேசித் திரையில் போதும், 20, 21 பிக்சலுக்கு ஏற்றினால். பழைய, அடர்த்தி குறைந்த மானிட்டரில் அந்தச் சின்னக் கண்களுக்குப் போதுமான பிக்சல்கள் கிடைக்காது; 16 பிக்சலில் 'ஈ'யும் 'சி'யும் ஒன்று போலாகிவிடும். வாசகர் எந்தத் திரையோடு வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே சோர்ஸ் செரிஃபுக்கு இங்கே தெளிவான முன்னிலை. அதன் மாறி எழுத்துருவில் எடையைப் போலவே ஆப்டிகல் அளவையும் நகர்த்த முடியும் என்பதால், உலாவி எழுத்தளவைப் பார்த்துத் தானே வெட்டை மாற்றிக்கொள்ளும். இரவு வடிவத்தில் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து சற்றுத் தடித்துத் தெரியும். எடையைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். காரமண்டில் ரெகுலருக்குக் கீழே எடையே இல்லை.

அச்சில் காரமண்ட், திரையில் சோர்ஸ் செரிஃப் என்று பிரித்துக்கொள்ளும் இதழும் நடத்தலாம். ஒரே ஆள் வேறு உடையில் வருவது வாசகருக்குப் பழகிவிடும்.

எண்கள், பெரிய எழுத்துச் சுருக்கங்கள்?

கட்டுரை உரையில் ஏறி இறங்கும் பழைய பாணி எண்கள். அட்டவணையில் சம உயர, சம அகல எண்கள். இ.பி. காரமண்டில் சிறு-பேரெழுத்துகள் (சிற்றெழுத்தின் உயரத்தில் வரும் பேரெழுத்துகள்) உண்மையாகவே வரையப்பட்டிருக்கின்றன. சுருக்கப்பெயர்கள் மலிந்த உரைக்கு அது பெரிய வரம். பேரெழுத்தை மென்பொருள் சுருக்கித் தரும் போலி வடிவம் மெலிந்து தெரியும், அதைத் தொடாதீர்கள். நிதி, புள்ளிவிவரம் சார்ந்த இதழ் என்றால் அட்டவணைகளை வைத்து முதலில் முடிவெடுங்கள், உரையை வைத்து அல்ல.

அதே பக்கத்தில் தமிழும் வருகிறது. எது இணங்கும்?

சோர்ஸ் செரிஃப். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் இல்லை; எழுத்துகளின் உடல் அகலம், உயரமும் ஆங்கிலச் சிற்றெழுத்தைவிடக் கூடுதல். காரமண்டின் குட்டையான எக்ஸ்-உயரம் அதன் அருகில் தொலைந்துபோகும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற பல எடைகள் உள்ள ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தைவிட ஒன்று, ஒன்றரைப் பாயிண்ட் குறைத்து வைத்துப் பாருங்கள். 'கி'யின் மேல்வளைவும் 'கு'வின் சுழியும் மேல்வரியையும் கீழ்வரியையும் தொடாதபடி லீடிங்கைக் கூட்டுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் 'கொ', 'கோ' எல்லாம் சிதறி நிற்கும்.

வாசகருக்கு இந்த வித்தியாசம் தெரியவா போகிறது?

பெயர் தெரியாது. மூன்றாவது பக்கத்தில் கண் களைத்து இதழை மூடிவிட்டால், எழுத்துருதான் காரணம் என்றும் அவருக்குத் தெரியாது. ஆசிரியர் குழுவிடம் பேசும்போது "இது நளினமானது, அது நவீனமானது" என்று ஆரம்பித்தால் விவாதம் ரசனைச் சண்டையாகி மாதக்கணக்கில் இழுக்கும். "இந்த அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள்" என்று இரண்டு தாளை நீட்டுங்கள்.

உரிமத்தில் வில்லங்கம் ஏதும் உண்டா?

இரண்டும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. அச்சு, இணையம், மின்னூல், செயலி எல்லாவற்றிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்; விற்பனைக்கு உள்ள இதழிலும் கூட. எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கக் கூடாது. சோர்ஸ் செரிஃபில் நீங்கள் திருத்தம் செய்து வெளியிட்டால் 'சோர்ஸ்' என்ற பெயரை அதற்கு வைக்கக் கூடாது.

முடிவெடுத்துவிட்டோம். இனி என்ன?

பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளை வேலைக் கோப்போடு சேர்த்து, பதிப்பு எண்ணோடு பூட்டி வையுங்கள். இ.பி. காரமண்டில் டஃப்னரின் மூலக் கோப்புகளும் கூகுள் வழியே கிடைக்கும் கோப்புகளும் வேறு வேறு. ஒன்றில் அமைத்த இதழை மற்றதில் திறந்தால் வரிகள் ஓடிவிடலாம், சிறப்பு வடிவங்கள் காணாமல் போகலாம். அச்சகத்துக்கு எழுத்துருக்கள் பொதியப்பட்ட பி.டி.எஃப். அனுப்புங்கள், திறந்த கோப்பு வேண்டாம். பத்தி பாணிகளுக்கு 'உரை', 'மேற்கோள்', 'அடிக்குறிப்பு' என்று வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள், 'காரமண்ட் 12' என்று வைக்காதீர்கள். இரண்டு இதழுக்குப் பிறகு யாராவது மனம் மாறினால் ஒரே இடத்தில் மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.